வீட்டுக்காரியின் சம்மதம்

முதல் எட்டுக் கேள்விகளுக்கும் முனாப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மளமளவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தான். வயது முப்பத்தெட்டு. தொழில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் கயிறு, பெயின்ற் கொடுக்கும் ஸ்டோர்காரன். மனைவி பெயர் ஜெஸீமா. அவள் ஊர் இந்தியாவில் தொண்டி. நிக்காஹ் நடந்து பதினொரு மாதம். இப்படி எல்லாம் சொல்லி முடித்தவன் ஒன்பதாவது கேள்வியில் இடறி நின்றான்.

கேள்வி பெரிதாக ஒன்றுமில்லை. 'உமது பெயரிலுள்ள வீடு, வளவு பற்றிய விபரம்' என்று ஒரே வரிதான்.

அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே வேப்பமர நிழலில் மேசை போட்டு, தட்டச்சு யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஊராருடைய விண்ணப்பப் போம்களையெல்லாம் நிரப்பிக் கொடுப்பவர் கனகசபை. முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். ஆள் எழுதும் வேகம் அதிகம். பொறுமை அவ்வளவு இல்லை.

"என்ன முனாப், ஒன்பதாவதுக்கு என்ன அடிக்கிறது?"

"அதை விட்டிட்டுப் பத்தாவதுக்குப் போக ஏலாதா ஐயா?"

"பெண்சாதிக்கு விசாக் கேக்கிற ஆள் வீட்டைச் சொல்லாமல் விட ஏலுமே? அவவைக் கொண்டுவந்து எங்க வைக்கப்போறீர், டொக்யாட் ஸ்டோரிலயோ? உம்மட பேரில என்ன கிடக்கு, அதைச் சொல்லும்."

முனாப் மரத்தில் சாத்தியிருந்ததைப் பார்த்தான்.

"சைக்கிள் கிடக்கு" என்றான். "லைசனும் என்ர பேரிலதான்."

கனகசபை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். சிரிப்பை அடக்குவதற்கு அவர் வைத்திருந்த வழி அதுதான். பிறகு ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'சைக்கிள் ஒன்று, பச்சை நிறம்' என்று அடித்து, லைசனின் பிரதி ஒன்றையும் ஊசி குத்தி இணைத்தார்.

இதைக் கேட்டால் முனாப்பை வக்கில்லாதவன் என்று யாரும் நினைக்கக்கூடாது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி அவன் அளவுக்கு வீடு கட்டிய சம்பளக்காரன் எவனும் இல்லை. வாப்பா அத்திவாரம் போட்டுவிட்டுக் கண்ணை மூடி மௌத்தானபோது முனாப்புக்கு வயது பத்தொன்பது. அந்த அத்திவாரத்தின்மேல் மூத்தவளான ராத்தா நபீஸாவுக்கு வீடு கட்டி முடித்தான். பிறகு தங்கை ஜெமீலாவுக்குக் கிண்ணியாவில் ஒரு வீடு. கடைசித் தங்கை ஸுல்பிகாவுக்கு மூதூரில் ஒரு வீடு. அவர்களுடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை தன்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போகவேண்டும். உறுதிப் பத்திரமும் அவள் பேரில், கதவுத் திறப்பும் அவள் இடுப்பில். ஆம்பிளையின் பேரில் வீடு என்று சொன்னால், கேட்கிறவர்கள் அவனுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ என்று விசாரிப்பார்கள்.

இது போக நாலாவதாகவும் ஒன்று கட்டினான். அந்தக் கதை கொஞ்சம் வேறு. நபீஸா முதல்முறை முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போவது பெண்தான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். மருமகளுக்கு வீடு வேண்டுமே என்று முனாப் ராத்தாவின் வளவுக் காணி மூலையில் அத்திவாரம் வெட்டினான். ஆண் பிறந்தது. இரண்டாம்முறை சுவர் எழுந்தது, அதுவும் ஆண். மூன்றாம்முறை ஓடு போட்டார்கள், அதுவும் ஆண். அதற்குமேல் அல்லாஹ்வோடு போட்டிபோட நபீஸாவுக்குத் தெம்பில்லை. இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள அந்த வீட்டில் இப்போது தேங்காயும் கிழிந்த வலையும் குடியிருந்தன. முனாப் ராத்தா வீட்டு முன்விறாந்தையில் டொக்யாட்டில் கழித்துவிட்ட கன்வஸ் கட்டிலில் படுத்து எழும்பினான்.

அவன் கலியாணம் வந்ததும் இந்தக் கூரை ஓட்டினால்தான். தொண்டி ஸெய்னுதீன் தோணியோட்டும் தண்டயல். காற்றுத் திரும்பினால் தூத்துக்குடி ஓட்டை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வருவார். நாலு வீட்டுக்கும் முனாப் அவரிடம்தான் ஓடு வாங்கினான். நாலாம்முறை வாங்கியபோது மனிதர் வியந்துபோனார். இந்தச் சின்ன வயதில் நாலு வீடு! ஊருக்குப் போய்ப் பெண்சாதியிடம் சொன்னார்; பெண்சாதி மகளிடம் சொன்னாள். காலம் கொஞ்சம் போயிற்று. டொக்யாட்டில் மூன்று கிழமை லீவு கிடைத்தபோது, ஸெய்னுதீன் அவனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோறு கொடுத்து, மகளையும் கொடுத்துவிட்டார். தொண்டியில் அவர்கள் பக்கம் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம். நாலு வீடு கட்டியவனுக்கு ஒரு வீடாவது சொந்தமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? வீடு உண்டா என்று அவர் கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல முனாப்புக்கும் தோன்றவில்லை. அவனுடைய ஊரில் எந்த மாப்பிள்ளையிடம் யார் அப்படிக் கேட்டார்கள்?

வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுத்து ஏழு வருடம் ஆகியும் டொக்யாட்டை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்த காலம் அது. ஆனால் கடலில் முன்போலப் போய்வர முடியாது. தோணியில் உப்பும் ஓடும் வந்த வழியில், புருசனிடம் பெண்சாதி வருவதற்கு விசா வேண்டும். விசாவுக்குப் போம் வேண்டும். போமுக்கு, இவளுக்கு உண்ண உடுக்க இருக்க நான் பொறுப்பு, அரசாங்கத்துக்குச் சுமையாக விடமாட்டேன் என்று புருசன் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து வைத்தால் போதாது; எங்கே வைத்திருப்பான் என்றும் காட்டவேண்டும்.

செப்டம்பர் முதல் கிழமையில் போம் திரும்பி வந்தது. கச்சேரியில் இந்த அலுவல்களைப் பார்த்த அதிகாரி முனாப்பைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் கதைத்தார்.

"சம்பளச் சீட்டு சரி. நிக்காஹ் பதிவு சரி. ஆனா மனுசியைச் சைக்கிளில குடிவைக்க ஏலாது, விளங்குதா? சொந்த வீடு இல்லாட்டிப் பரவாயில்லை. வேற ஆற்றையும் வீட்டில இருக்கப்போறீர் எண்டா, அந்த வீட்டுக்காரருடைய சம்மதக் கடிதம் ஒண்டு கொண்டுவாரும். ஒக்டோபர் முப்பத்தோராந் திகதிக்கு முந்தி வரவேணும். வராட்டில் இந்த மனு முடிஞ்சுது. திரும்ப முதலில இருந்து போடவேணும்."

திரும்ப முதலில் இருந்து போடுவதற்கு முனாப்பிடம் காலம் இல்லை. ஜெஸீமாவின் கடைசிக் கடிதம் சட்டைப்பையில் கிடந்தது. வாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது, இந்த வருடம் முடிவதற்குள் அழைக்காவிட்டால் ஜமாஅத்தைக் கூட்டி நிக்காஹை முறித்துவிடுவதாகச் சொல்கிறார், நான் ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சாட்டுகள் முடிந்துகொண்டு வருகின்றன என்று அவள் எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'எனக்கு நாலு வீடு வேண்டாம், ஒன்று போதும்' என்று இருந்தது. அவளை மூன்று கிழமைதான் பார்த்திருந்தான். ஆனால் அந்த மூன்று கிழமைக்குப் பிறகு கன்வஸ் கட்டிலில் ஒரு நாளும் ஒழுங்காக நித்திரை வரவில்லை.

வீட்டுக்காரி என்றால் நபீஸாதான். நபீஸாவிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவதைவிட அட்மிரல் துரையின் தொப்பியை இரவலாக வாங்குவது சுலபம்.

அவள் கோபத்துக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. கிண்ணியாவில் அவனுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். கல்வீடு, வளவுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் கிணறு. முனாப் அரைகுறையாகத் தலையாட்டியும் இருந்தான். அப்படியிருக்க லீவில் போனவன் தொண்டியில் நிக்காஹ் முடித்துக்கொண்டான் என்பதை ராத்தா தபாலில் வந்த கடிதத்தில்தான் அறிந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டாளே தவிர வாய் திறந்து நாலு கதை கதைக்கவில்லை. சோற்றில் மட்டும் குறை வைக்கவில்லை. பாரை மீன் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி என்று கோபம் ஏற ஏறக் கறிகளும் ஏறின.

முனாப் முதல்முறை கேட்டபோது அவள் தட்டில் இன்னொரு மீன்துண்டு வைத்தாள். இரண்டாம்முறை கேட்டபோது, "கிணத்தோட வீடு வேண்டாமெண்டு போனவனுக்கு என்ர வீடு என்னத்துக்கு?" என்றாள். அதுவாவது வந்ததே என்று அவனுக்குச் சந்தோசம்.

மூன்றாம்முறை மச்சான் பக்கீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேட்டான். நபீஸாவின் புருசன் பக்கீருக்கு மூதூர் லோஞ்சுப் படகில் வேலை. ஆள் தங்கமான மனிதர், வீட்டுக்குள் மட்டும் பிரயோசனம் இல்லாதவர்.

"என்னை ஏன்டா இழுக்கிறாய்?" என்றார் பக்கீர். "நானும் இந்த வீட்டில பதினெட்டு வருசமா இருக்கிறன். எனக்கே இன்னும் சம்மதக் கடிதம் ஆரும் தரல்ல."

"ஒரு கையெழுத்துத்தானே ராத்தா" என்றான் முனாப்.

நபீஸா உரலில் இடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் கையெழுத்து வெச்சா ஊர் என்ன சொல்லும் தெரியுமா? முனாப்புக்குப் போக வீடில்ல, பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டு விறாந்தையில வந்து கிடக்கிறான் எண்டு சொல்லும். அந்தப் புள்ளையைத்தான் என்ன சொல்லும்? வீடில்லாமல் வந்தவள் எண்டு குளிக்கப்போற இடத்திலயும் சொல்லும். என்ர தம்பிக்கு அந்தக் கதை வேணாம். ஏலாது."

அன்று ஒக்டோபர் மூன்று. முனாப்புக்கு வந்ததே ஒரு கோபம். அவன் வாழ்நாளில் ராத்தாவுக்கு முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினான்.

"மூண்டு பேருக்கு வீடு கட்டினன் ராத்தா. பொறக்காத புள்ளைக்கும் ஒண்டு கட்டினன். நாலு வீட்டிலயும் எந்தக் கல்லு எங்க கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். ஆனா எந்த வீட்டிலயும் என்ர சட்டையைக் கொளுவ ஒரு ஆணி இல்ல. போம்காரன் கேக்கிறான், உன்ர பேரில என்ன கிடக்கெண்டு. சைக்கிள் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். கனகசபை ஐயா கண்ணாடியைத் துடைக்கிறார். எனக்கு வெக்கமா இருக்கு."

சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே பயந்துபோய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். பக்கீர் தலையைக் குனிந்துகொண்டார். நபீஸா மறுபடி உலக்கையைத் தூக்கினாள். தம்பி சொன்னதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று தள்ள முடியவில்லை. பத்தொன்பது வயதில் மண் குழைத்துக் குழைத்து அவன் கை வெடித்திருந்ததும், தான் அதற்கு எண்ணெய் பூசிவிட்டதும் ஞாபகம் வந்து அவள் அழுதாள். அழுதது பக்கீருக்கு மட்டும் தெரியும். அவரும் முனாப்பிடம் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான்.

அடுத்த நாள் காலையில் நபீஸா வெள்ளைப் புடவையை முக்காடிட்டு, அலுமாரியிலிருந்து வளவு உறுதியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "நொத்தாரிசு வீட்டுக்குப் போகவேணும், வா" என்றாள். முனாப் டொக்யாட்டுக்குச் சுகமில்லை என்று ஆள் அனுப்பிவிட்டுப் பின்னால் போனான். கடிதம் கேட்கப் போனவனுக்கு வீடே எழுதப்போகிறாள்! ஒன்பதாவது கேள்விக்கு எதிரே அடிக்க வேண்டியதை மனதுக்குள் நாலைந்து விதமாக அடித்துப் பார்த்தான்.

உறுதி எழுதி முடிக்கும் நொத்தாரிசு கலீலுர் றஹ்மான் பெரியகடைத் தெருவில் இருந்தார். நபீஸா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். வளவின் மேற்கு மூலை, ஓட்டு வீடு, இரண்டு அறை, குசினி. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

"நன்கொடையா ஆருக்கு எழுதிறது? முனாப் எண்டு போடுவமா?" என்று நொத்தாரிசு கேட்டார்.

நபீஸா அவரை ஏதோ கூடாத கதை கதைத்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆம்பிளைக்கா? எங்கட பரம்பரையில ஆம்பிளைக்கு ஆரும் வீடு எழுதினதா? பொம்புளப் புள்ளைக்கெண்டு கட்டின வீடு அது. ஜெஸீமாண்ட பேரில எழுதுங்க."

"ராத்தா!" என்றான் முனாப். "போமில கேக்கிறது என்ர பேரில!"

"அது போமுடைய பிழை" என்றாள் நபீஸா.

நொத்தாரிசும் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் பெண்சாதி வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை. நபீஸா சொன்னதில் அவருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. மளமளவென்று எழுதினார். பெண் ஊரில் இல்லாதபடியால் அவளுக்காக இந்த வீட்டை ஏற்றுக்கொள்வதாகப் புருசன் கையெழுத்து வைக்கலாம் என்றார். அப்படியாக, முனாப் நாலாவது முறையாக ஒரு பெண்ணுக்கு வீடு சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கையில் உறுதியோடு தெருவில் இறங்கினான்.

வெளியே வந்ததும் நபீஸா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "என்ன மூஞ்சையைத் தொங்கப்போடுறாய்? இப்ப சொல்லட்டும் ஊர், அவ வீடில்லாமல் வந்தவள் எண்டு."

கனகசபை உறுதியை வாசித்தார். வேட்டித் தலைப்பு போதாமல் சால்வையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"உம்மட ராத்தா நல்ல காரியம்தான் செய்திருக்கிறா. ஆனா முனாப், இப்ப ஆர் ஆருக்குப் பொறுப்பு நிக்கிறது? நீர் பொறுப்பு நிக்கிற பெண்சாதிக்கு வீடு கிடக்கு. பொறுப்பு நிக்கிற உமக்கு இப்பவும் சைக்கிள்தான் கிடக்கு."

"இதைக் குடுத்தாத் தள்ளிப்போடுவாங்களா ஐயா?"

"என்ர முப்பது வருசச் சேவிசில இப்பிடி ஒண்டு வரல்ல. வாரும், ரெண்டுபேருமாப் போவம்."

அதிகாரி உறுதியை ஒருமுறை வாசித்தார்; பிறகு முதலிலிருந்து இன்னொருமுறை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "ஓம், இவங்கட பக்கம் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"இருக்க இடம் வேணும், அது கிடக்கு" என்றார் அதிகாரி யோசித்து யோசித்து. "சம்பளம் வேணும், அதுவும் கிடக்கு. மனுசிக்கு வீடு இருக்கு. நீர் எங்க இருந்து அவவைப் பராமரிக்கிறது?"

"அந்த வீட்டில இருந்துதான் ஐயா."

"அந்த வீடு ஆற்றை?"

"பெண்சாதியின்ர."

"அவ உமக்குச் சம்மதம் தந்தவவோ?"

அதிகாரி விளையாட்டாகக் கேட்கவில்லை. முன்பு தான் போட்ட நிபந்தனையையே திரும்ப எடுத்துப் பார்த்தார். சொந்த வீடு இல்லாதவர் வீட்டுக்காரருடைய சம்மதக் கடிதம் கொண்டுவரவேண்டும். இப்போது வீட்டுக்காரி தொண்டியில் இருக்கிறாள். ஆகவே தன் வீட்டில் தன் புருசன் தங்குவதற்குச் சம்மதம் என்று ஜெஸீமா எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும். திகதியில் மாற்றம் இல்லை.

அன்று இரவு முழுக்க முனாப் ஒரு கடிதம் எழுதினான். கனகசபை அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று கையாலேயே எழுதினான். சம்மதம் கேட்பதானால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி இருந்தது. எனக்கு நாலு வீடு இல்லை. ஒரு வீடும் இல்லை. ஓடு வாங்கியது ராத்தாவுக்கும் தங்கைகளுக்கும். இதை உன் வாப்பாவிடம் நான் மறைக்கவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. எனக்கு உள்ளது ஒரு பச்சைச் சைக்கிள். இனி உனக்குத்தான் ஒரு வீடு இருக்கிறது. உனக்கு விருப்பமிருந்தால் அதில் நான் தங்குவதற்குச் சம்மதம் எழுதி அனுப்பு. விருப்பமில்லாவிட்டால் உன் வாப்பா நினைத்தபடி செய்யட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். கடைசி வரியை வெட்டிவிடலாமா என்று நினைத்தான், வெட்டவில்லை.

கடிதம் போனபின் முனாப் டொக்யாட்டில் கேட்டதைக் கொடுக்காமல் வேறெதையோ கொடுத்துக்கொண்டிருந்தான். பெயின்ற் கேட்ட வெள்ளைக்காரனுக்குக் கயிற்றைக் கொடுத்து ஏச்சு வாங்கினான். ஒக்டோபர் இருபது போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று. தபால்காரர் தெரு முனையில் தெரிந்தாலே நபீஸா வாசலுக்கு வந்து நிற்கத் தொடங்கினாள். அவளுக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. வலையையும் தேங்காயையும் வெளியே எறிந்து, மூலை வீட்டுக்கு வெள்ளையடிப்பித்தாள். "பூச்சி பிடிச்சுப்போச்சு, அதுதான்" என்றாள் கேட்டவர்களிடம்.

இருபத்தொன்பதாம் திகதி கடிதம் வந்தது. உள்ளே இரண்டு தாள். மடித்த பெரிய தாளைப் பிரிக்காமலே முனாப் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்க் கனகசபையின் கையில் கொடுத்தான். வாசிக்கத் தைரியம் இல்லை. கனகசபையும் அதை அதிகாரியின் மேசையில் வைத்துத்தான் வாசித்தார்.

'திருகோணமலையில் எனக்குச் சொந்தமான வீட்டில் என் கணவர் முனாப் அவர்கள் தங்குவதற்கு முழுமனதுடன் சம்மதிக்கிறேன். எவ்வளவு காலத்துக்கு என்று தாங்கள் கேட்கவில்லை. ஆகையால் நானே குறிப்பிடுகிறேன்: நான் உயிரோடு இருக்கும்வரை. அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருப்பதாக அறிகிறேன். மழை நாட்களில் அதையும் உள்ளே நிறுத்திக்கொள்ளலாம். இப்படிக்கு, வீட்டின் உரிமையாளர், ஜெஸீமா.'

அதிகாரி சிரிக்கவில்லை. சீல் குத்தினார். குத்திவிட்டு, "நானும் மனுசியின்ர சீதன வீட்டிலதான் இருக்கிறன்" என்றார். "எனக்கு இப்பிடி ஒரு கடிதம் கிடைக்கல்ல." பிறகுதான் சிரித்தார்.

இரண்டாவது தாளை முனாப் கடற்கரைப் பக்கம் போய்த் தனியே வாசித்தான். அது சின்னத் தாள். 'ஓட்டை எண்ணிப் பார்த்து உங்களைப் பணக்காரர் என்று நினைத்தது வாப்பா. அந்த ஓடெல்லாம் கூடப்பிறந்தவர்களுக்கு என்று தோணிக்காரர் ஒருவர் உம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்டபிறகுதான் சம்மதம் சொன்னேன். இதை நீங்கள் எப்போது சொல்லுவீர்கள் என்று பதின்மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே நிற்கமாட்டேன் என்று இனி ஒருமுறை எழுதினால் சம்மதத்தை வாபஸ் வாங்குவேன்.' முனாப் அதை எத்தனைமுறை வாசித்தான் என்பது அவனுக்கே தெரியாது. முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

டிசம்பரில், தலைமன்னார் வழியாக வந்த ரயிலில் ஜெஸீமா தன் உம்மாவோடு வந்து இறங்கினாள். நல்ல மாரி மழை. முனாப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரேசனுக்கு வெளிக்கிட்டபோது நபீஸா மறித்தாள்.

"நீ எங்க? மாப்பிள்ளை பொண்ணைக் கூப்பிடப் போறதா? நான் போறன். நீ அசர் தொழுதிட்டுப் பள்ளியில நில்லு. மச்சான் வந்து கூட்டிக்கொண்டு வருவார்."

அப்படியே நடந்தது. தொழுகை முடிந்ததும் பக்கீர் குடையோடு வந்தார். பள்ளிவாசலிலிருந்து மாப்பிள்ளையை நடத்திக் கூட்டிவருவதுதான் முறை. அவ்வளவு மழைக்குள் கூட்டம் எங்கே வரும்? பக்கீர் ஒருவரே கூட்டமாகி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பாடும் பைத்தைத் தொண்டை கட்டக் கட்டப் பாடிக்கொண்டு முன்னால் நடந்தார். முனாப் தலைப்பாவோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தான். அவன் தினமும் நுழையும் அதே படலைதான். ஆனால் ராத்தா வீட்டுப் பக்கம் திரும்ப விடாமல் பக்கீர் மூலை வீட்டுக்குத் திருப்பினார்.

வாசலில் நபீஸா செம்பில் தண்ணீரோடு நின்றாள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவது பெண்ணுடைய தம்பிமாரின் வேலை.

"இவட தம்பிமார் இங்க ஆரும் இல்ல" என்றாள். "இண்டைக்கு நான்தான் பொண் வீட்டுக்காரி. காலைக் காட்டு."

"மழையே கழுவிட்டுது ராத்தா."

"அது மழை. இது நான்."

அவள் குனிந்து அவன் கால்களில் தண்ணீர் ஊற்றினாள். சேறு போயும் விடாமல் ஊற்றினாள். எழும்பியபோது கண் கலங்கியிருந்தது. இந்தமுறை மறைக்கவும் இல்லை. முனாப் பிறந்த நாளிலிருந்து அவனை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்று சொன்னாள்:

"வாங்க மாப்பிள்ளை."

முனாப்புக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்க வரவில்லை. நாலு வீடு கட்டியவன், நாலிலும் சுண்ணாம்புக் கையோடு உள்ளே போய் வேலை முடிந்ததும் வெளியே வந்தவன். வா என்று ஒருவர் வாசலில் நின்று சொல்லி உள்ளே போவது இதுதான் முதல்தடவை. தலைப்பாவிலிருந்து தண்ணீர் சொட்ட, அழுகிறானா நனைகிறானா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

உள்ளே கதவோரம் ஜெஸீமா நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். அவனுக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்ததையும் பார்த்தாள்.

"சம்மதம்தான் எழுதிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன யோசனை?" என்றாள். "மழை பெய்யுது. சைக்கிளையும் கொண்டு வாங்க."

முனாப் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குள் போனான்.